கை நனைத்தால் போதுமா?

ஐப்பசி மழையோடு ஃப்ளூவும் வருகிறது. ஒரு சோப்புக் கட்டி அதை முழுக்கத் தடுத்துவிடும் என்று சொன்னால் பொய். சோப்பே இல்லாமல் தடுத்துவிடலாம் என்றால் அது அதைவிடப் பெரிய பொய்.

ஐப்பசி முகூர்த்தம் ஒன்று. மண்டபத்துக்கு வெளியே விட்டுவிட்டு மழை. வாசலில் சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு. வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சந்தனத்தைத் தொட்டு, கற்கண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். பெரியப்பா எல்லோருக்கும் கைகொடுக்கிறார். அத்தை ஒருத்தி கைக்குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, கிள்ளிய விரல்களைத் தன் உதட்டில் வைத்து முத்திக்கொள்கிறாள். மேடையில் மொய்க் கவர்கள் கைமாறுகின்றன. ஒரு சிறுவன் உள்ளங்கையில் தும்முகிறான். பக்கத்திலிருக்கும் பாட்டி, "நூறாயுசு" என்கிறாள். அந்தக் கையாலேயே அவன் அடுத்த நாற்காலியை இழுத்துப் போடுகிறான்.

பந்தி ஆரம்பிக்கிறது. இலை விழுந்ததும் டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இலையை வழித்துவிட்டு, அந்த ஈரத்திலேயே விரல் நுனிகளை நனைத்துக்கொள்கிறோம். கைச் சுத்தம் அதோடு சரி. கை கழுவும் இடம் அப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது.

பாயசம் முடிந்த பிறகு அங்கே போய்ப் பாருங்கள். குழாய்க்குக் குழாய் வரிசை நிற்கும். தண்ணீர் கலந்து நீர்த்துப்போன சோப்புக் கரைசலை அமுக்கி அமுக்கி, சாம்பார் வாசம் போகும்வரை தேய்க்கிறோம். சாப்பாட்டின் பிசுக்கு கையில் ஒட்டக் கூடாது என்பதில் நமக்கு அவ்வளவு அக்கறை. கையில் இருக்கும் பிசுக்கு சாப்பாட்டில் ஒட்டுவதைப் பற்றி அந்த அளவு கவலை இல்லை.

நம் மொழியே இதற்குச் சாட்சி. விருந்து சாப்பிடுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கை நனைப்பது'. "எங்க வீட்டுல கை நனைக்காம போகக் கூடாது" என்று உறவை உபசரிக்கிறோம். பகை வந்துவிட்டால், "அவங்க வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்" என்று சபதம் போடுகிறோம். நனைப்பதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் சங்கதி. 2018-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று இந்தியா முழுக்கக் கேட்டுப் பார்த்தது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதாகச் சொன்ன வீடுகள் 35.8 சதவிகிதம்தான். ஏறக்குறைய 60 சதவிகித வீடுகளில் வெறும் தண்ணீர்.

ஃப்ளூவுக்கு அந்தத் தண்ணீர் போதுமா?

நமக்கு மட்டும் ஏன் ஐப்பசியில்?

சளிக்காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ அல்ல. மூக்கொழுகலும் தொண்டைக் கரகரப்புமாக வந்து நாலு நாளில் போய்விடும் சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணமான வைரஸ்கள் வேறு. இன்ஃப்ளுயன்சா வந்தால் ஆளைச் சாய்த்துவிடும். காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலையில் காய்ச்சல் கொதிக்கும். உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். வறட்டு இருமல், தலைவலி, எழுந்து நிற்க முடியாத அசதி. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். எல்லோரும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் சுமார் 100 கோடிப் பேருக்குப் பருவகால ஃப்ளூ வருகிறது. அவர்களில் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேருக்கு நோய் முற்றுகிறது. மூச்சுத்தொகுதி பாதிப்பால் மட்டும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள்.

குளிர் நாடுகளில் இது பனிக்கால நோய். இந்தியாவிலோ ஊருக்கு ஊர் நாள்காட்டி மாறுகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலம். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பர். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே கூரைக்குள் அடையும் நாட்கள் அவை. தீபாவளிக்குத் துணிக்கடையில் முண்டியடிப்பதும், கூட்டம் பிதுங்கும் பேருந்தில் ஊருக்குப் போவதும், முகூர்த்தங்கள் வரிசைகட்டுவதும் அதே நாட்களில்தான்.

ஐந்து நிமிட விருந்தாளி

ஃப்ளூ வைரஸ் முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள் அருகில் இருப்பவரின் மூக்கிலும் வாயிலும் போய்ச் சேர்கின்றன. நுண்ணிய துளிகள் மூடிய அறையில் கொஞ்ச நேரம் மிதக்கவும் செய்யும். கை கழுவினால் இந்த வழி அடைபடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இன்னொரு வழி கை. தும்மலின் ஈரம் பேருந்துக் கம்பியில், கதவுப் பிடியில், லிஃப்ட் பொத்தானில், செல்போன் திரையில் ஒட்டுகிறது. அங்கிருந்து விரலுக்கு, விரலிலிருந்து முகத்துக்கு. எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும் என்று 1982-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம். ஜெனீவாவில் நடந்த ஓர் ஆய்வு ரூபாய் நோட்டு பற்றியது. அங்கே அது ஃபிராங்க் நோட்டு. வெறும் வைரஸை நோட்டில் வைத்தபோது சில வகைகள் 3 நாள் வரை தாக்குப்பிடித்தன. மூக்குச்சளியோடு கலந்து வைத்தபோது 17 நாள் வரை! சளிதான் அதற்குப் போர்வை.

கைக்கு வந்த பிறகு கதை வேறு. தோலில் அதன் ஆயுள் ஐந்து நிமிடம்தான். அவ்வளவு குறைவா என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நம் கை எங்கெல்லாம் போய்வருகிறது? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மருத்துவ மாணவர்களைப் படமெடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள். அதில் 44 சதவிகிதம் கண், மூக்கு, வாய் ஆகிய ஈரப்பகுதிகளில். கணக்குப் போட்டால் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கை அங்கே போய்வருகிறது. இத்தனைக்கும் அவர்கள் தொற்றைப் பற்றிப் படிப்பவர்கள்.

இங்கே நம் வழக்கம் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. எச்சில் விஷயத்தில் தமிழர்களுக்கு இருக்கும் கண்டிப்பு லேசானதல்ல. செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறோம். கடித்த முறுக்கை இன்னொருவருக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். சாப்பிட்ட கையால் பாத்திரத்தைத் தொட்டால் "எச்சக் கை!" என்று அதட்டல் விழும். வாய்க்கு இத்தனை காவல் போட்டவர்கள், மூக்கையும் கண்ணையும் காவல் இல்லாமல் விட்டுவிட்டோம். குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் அம்மாவின் முந்தானைதான் கைக்குட்டை. அதே முந்தானையில் கை துடைக்கிறாள். சூடான பாத்திரத்தை அதைக்கொண்டே பிடித்து இறக்குகிறாள். பெரியவனுக்குத் தலை துவட்டிவிடுகிறாள். துணியில் எட்டு மணி நேரம் என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். காலையில் துடைத்த மூக்கு மத்தியானம்வரை சமையலறையில் நடமாடிக்கொண்டிருக்கும்.

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு குழந்தை இடுப்பிலும் இன்னொன்று காலடியிலும் இருக்கையில், கைக்கெட்டும் தூரத்தில் அவளுக்கு இருப்பது முந்தானை ஒன்றுதான். கைக்கெட்டும் தூரம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

எண்ணெய்க் குளியல் சொல்லும் வேதியியல்

சோப்பு ஏன்? தண்ணீர் ஏன் போதாது? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு விடை தெரியும். எத்தனை குடம் ஊற்றினாலும் வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகாது. சீயக்காயோ அரப்போ தேய்த்தால்தான் நழுவும். அவற்றில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. சோப்பின் வேலையும் அதுவே. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனையில் தண்ணீர் மீது ஆசை. மறுமுனையில் கொழுப்பு மீது ஆசை. ஒருபக்கம் எண்ணெயைக் கவ்வி, மறுபக்கம் தண்ணீரோடு கைகோத்து, இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஃப்ளூ வைரஸின் உடுப்பு கொழுப்பால் ஆனது. ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடிசு. நம் செல்லுக்குள் பெருகி வெளியேறும்போது, நம் செல்லின் சவ்விலிருந்தே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்புகிறது. திருடிய போர்வை! சோப்பின் கொழுப்பு முனை அந்தப் போர்வைக்குள் ஆப்புப்போல் இறங்கிக் கிழித்துவிடுகிறது. போர்வை போனால் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது. மிச்சம் மீதி தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும்.

இதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், தேய்ப்பும் வேண்டும். அதனால்தான் 20 விநாடி என்கிறார்கள். விலை உயர்ந்த 'கிருமிநாசினி' சோப்பு வேண்டுமா என்றால், வேண்டாம். வீட்டு உபயோகச் சோப்புகளில் கலக்கப்படும் ட்ரைக்ளோசான் முதலிய 19 வேதிப்பொருட்கள் சாதாரண சோப்பைவிட மேலானவை என்பதற்கு ஆதாரம் தரப்படவில்லை என்று சொல்லி, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் அவற்றுக்குத் தடை போட்டது. வெந்நீரும் கட்டாயமில்லை. பச்சைத் தண்ணீரிலும் சோப்பு தன் வேலையைச் செய்யும்.

வியன்னாவின் வாசல் தொட்டி

கை கழுவச் சொன்னதற்காகக் கேலிக்கு ஆளான ஒரு டாக்டரின் கதை பலர் கேள்விப்பட்டதுதான். அதில் கவனிக்காமல் விடப்படும் இடம் ஒன்று உண்டு.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பக்கம் சாவு பாதிகூட இல்லை. ஊருக்கே இது தெரிந்து, முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்கள். 1847 மார்ச்சில், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி யாக்கோப் கொலெட்ச்கா என்ற டாக்டர் இறந்துபோனார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள் அந்தத் தாய்மார்களின் உடலில் கண்டவை போலவே இருந்தன. இக்னாஸ் செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணவறைக்குப் போவதே இல்லை. நோயைச் சுமந்து வருவது டாக்டரின் கை!

அந்த மே மாதம் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். பிரசவ அறைக்குள் போகிற எவரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். ஏப்ரலில் 18.3 சதவிகிதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2, ஜூலையில் 1.2 சதவிகிதத்துக்கு இறங்கியது. கிருமி என்று ஒன்று இருப்பது நிரூபணமாவதற்கு முன்னால் நடந்த கதை இது. பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 1865-ல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 47 வயதில் செம்மல்வைஸ் இறந்தார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவர் மேடை போட்டுப் பேசி அந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. போகிற வழியில் ஒரு தொட்டியை வைத்தார். அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது.

நூற்றைம்பது ஆண்டு கழித்து ஜெனீவாவில் இதே பாடம் திரும்ப வந்தது. அங்கே பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் திதியே பித்தே எண்ணிப் பார்த்தபோது, கை கழுவ வேண்டிய தருணங்களில் ஊழியர்கள் கழுவியது பாதிக்கும் குறைவு, 48 சதவிகிதம். சோம்பேறித்தனம் காரணமல்ல. ஒவ்வொரு நோயாளியைத் தொடும்போதும் குழாயடிக்கு நடந்து போய்வந்தால் வேலை நேரமே போதாது. அதனால் ஆல்கஹால் கைத்தேய்ப்பை நோயாளியின் கட்டிலருகிலேயே வைத்தார்கள். சுவரொட்டிகளும் ஒட்டினார்கள். 1994-லிருந்து 1997-க்குள் 48 சதவிகிதம் 66 ஆனது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவிகிதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. கொரோனா காலத்தில் நம் பைகளிலெல்லாம் இருந்த சானிட்டைசர் பாட்டில், அந்தக் கட்டிலருகே இருந்த பாட்டிலின் வாரிசுதான்.

கராச்சி, கெய்ரோ, பாங்காக்

மருத்துவமனை சரி. வீட்டிலும் பள்ளியிலும் கை கழுவினால் பலன் உண்டா?

கராச்சியின் குடிசைப்பகுதிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. வீடுவீடாகச் சோப்புக் கொடுத்து, வாராவாரம் போய்ப் பேசினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது. வயிற்றுப்போக்கும் அதே அளவு குறைந்தது. சாதாரண சோப்புக்கும் கிருமிநாசினிச் சோப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கெய்ரோவில் 60 தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் இரண்டு வேளை கை கழுவ வைத்தார்கள். ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட ஃப்ளூவால் பள்ளிக்கு வராமல் போனது அங்கே ஏறக்குறைய 50 சதவிகிதம் குறைந்தது. வகுப்பு முழுக்க, பள்ளி முழுக்க ஒரே நேரத்தில் கழுவியதால் கிடைத்த பலன்.

பாங்காக்கில் கதை வேறு. வீட்டில் ஒரு குழந்தைக்கு ஃப்ளூ வந்த பிறகு மற்றவர்களைக் கை கழுவ வைத்துப் பார்த்தார்கள். பரவல் குறையவில்லை. அதே அறையில் பெற்றோரோடு படுத்துத் தூங்கும் குழந்தை மூச்சு விடும் காற்றிலேயே நோயைக் கொடுத்துவிடுகிறது. ஹாங்காங்கில் இதைச் சற்றே மாற்றிச் செய்தார்கள். முதல் ஆளுக்கு அறிகுறி தெரிந்த 36 மணி நேரத்துக்குள் கை கழுவுதலும் முகக்கவசமும் சேர்ந்து தொடங்கிய வீடுகளில் பரவல் குறைந்தது.

எல்லா ஆய்வுகளையும் ஒன்றுதிரட்டிச் சலித்துப் பார்த்தவர்கள், கைச் சுத்தம் மூச்சுத்தொகுதி நோய்களை ஏழில் ஒரு பங்கு போலக் குறைக்கிறது என்கிறார்கள். இன்ஃப்ளுயன்சாவை மட்டும் தனியாகப் பிரித்தால் கணக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. ஏழில் ஒன்றா, இதற்குத்தானா இத்தனை பாடு என்று தோன்றலாம். நாற்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் காய்ச்சலில் படுக்கும் ஏழு பேர் ஆறு பேராவது, அந்த ஏழாவது பிள்ளையின் வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் தாத்தாவுக்குப் பெரிய விஷயம்.

சானிட்டைசரா, சோப்பா?

குழாய் இல்லாத இடத்தில் சானிட்டைசர் நல்ல துணை. அதில் ஆல்கஹால் 60 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கை முழுக்க நனையும் அளவு ஊற்றி, காயும்வரை தேய்க்க வேண்டும். பாதியில் வேட்டியில் துடைத்துவிட்டால் வேலை பாதி.

சளி அதன் பலவீனம். ஜப்பானில் கியோட்டோ ஆய்வாளர்கள் 2019-ல் இதைக் காட்டினார்கள். விரலில் ஈரச் சளி அப்பியிருந்தால் ஆல்கஹால் உள்ளே ஊடுருவத் தாமதமாகிறது. இரண்டு நிமிடம் கடந்தும் உள்ளே ஃப்ளூ வைரஸ் உயிரோடு இருந்தது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவியபோதோ அரை நிமிடத்தில் போய்விட்டது. மூக்கைச் சிந்திய கைக்கு, அழுக்கும் எண்ணெயும் படிந்த கைக்கு, குழாயடிதான் கதி.

இன்னொன்று. தீபாவளி நேரம். சானிட்டைசர் தடவிய கையோடு மத்தாப்பு பக்கமோ அடுப்புப் பக்கமோ விளக்கேற்றவோ போகாதீர்கள். ஆல்கஹால் பற்றிக்கொள்ளும். அன்றைக்குச் சோப்பும் தண்ணீரும் போதும்.

கழுவும் முறை: கட்டம் கட்டிப் படிக்க

*எப்போது?* வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும். சமைக்கும் முன், பரிமாறும் முன், சாப்பிடும் முன். தும்மிய, இருமிய, மூக்குச் சிந்திய பிறகு. நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும். கழிவறைக்குப் போய்வந்த பிறகு. கைக்குழந்தையைத் தூக்கும் முன்.

*எப்படி?* கையை நனைத்துக் குழாயை மூடிவிடுங்கள். சோப்புப் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று போங்கள். அவசரத்தில் எல்லோரும் தவறவிடும் இடங்கள் கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான். முகத்தைத் தொடுவதும் அவைதான். நுனிகளை மறு உள்ளங்கையில் சுரண்டுவதுபோல் தேயுங்கள், நகக்கண் சுத்தமாகும். மணிக்கட்டோடு முடியுங்கள். ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணினால் கணக்குச் சரி. குழாயைத் திறந்து அலசுங்கள்.

*துடைப்பது?* ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும், எளிதாகப் பரவும். சுத்தமான துண்டில் துடைக்கலாம், காற்றில் உலரவும் விடலாம். வாஷ்பேசின் பக்கத்தில் நாள் கணக்கில் ஈரமாகவே தொங்கும் பொதுத் துண்டைவிட உதறி உலர்த்துவதே மேல்.

*தண்ணீர்ப் பஞ்சமா?* 1.5 லிட்டர் பாட்டில் தண்ணீரில் 30 கிராம் துணிச்சோப்புத் தூளைக் கரைத்து, மூடியில் துளை போட்டு வைத்துக்கொள்ளும் முறையை வங்கதேசத்தில் பரவலாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கைக்கு அது போதும். அலச ஒரு குவளைத் தண்ணீர்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

ஃப்ளூ தொற்றிய ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் காய்ச்சல் தலைகாட்டும். அதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள்வரை இது நீளும்; குழந்தைகளிடம் இன்னும் கூடுதலாக. ஆகவே பாங்காக் பாடத்தை மறக்க வேண்டாம்: கை கழுவுதலோடு ஜன்னலும் திறக்க வேண்டும். முடிந்தால் தனி அறை. முடியாவிட்டால் தலைமாடு மாற்றிப் படுத்து, இடைவெளி விடலாம். நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் முகக்கவசம். தனித் துண்டு, தனி டம்ளர். இருமலும் தும்மலும் முழங்கை மடிப்பில். உள்ளங்கை இன்னும் பத்து இடத்துக்குப் போகும். முழங்கை எங்கும் போகாது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாகப் போகட்டும். பரீட்சை இருந்தாலும்தான்.

மருந்துக்கடையில் "ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸைத் தொடாது. ஃப்ளூவுக்கென்றே ஒசல்டாமிவிர் இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் காத்திருக்காமல் காட்டிவிடுவது நல்லது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, குழந்தை பால் குடிக்க மறுப்பது, உதடு நீலம் பூப்பது, விட்ட காய்ச்சல் மறுபடி வேகமாக ஏறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தடுப்பூசியும் உண்டு. வைரஸ் ஆண்டுக்காண்டு வேஷம் மாற்றுவதால் ஊசியும் ஆண்டுக்காண்டு மாறுகிறது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழையில் ஓடிப்போய்ப் போடுவதைவிட, புரட்டாசியிலேயே டாக்டரைக் கேட்டு முடிவு செய்துகொள்வது உத்தமம்.

வாசலில் இருந்த தண்ணீர்

எங்கள் கிராமத்து வீட்டில் திண்ணையை ஒட்டி ஒரு பெரிய அண்டா இருக்கும். மேலே கவிழ்த்த செம்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் படியேறும் முன்பே அம்மாவின் குரல் வரும்: "கை கால் கழுவிட்டு உள்ள வா!" குரல் வராத நாளிலும் கழுவிவிட்டுத்தான் போவோம். அண்டா வழியிலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். செம்மல்வைஸின் தொட்டியைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு சோப்பு மட்டும் இல்லை.

இன்றைய அடுக்குமாடி வீட்டில் வாசலில் செருப்பு அலமாரி இருக்கிறது. வாஷ்பேசின் ஹாலையும் தாண்டி உள்ளே. போகிற வழியில் கதவுப் பிடி, சுவிட்ச், சோபா, ரிமோட் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்கிறோம். பாதி நாள் போய்ச் சேர்வதும் இல்லை. கொரோனாவின்போது கடை வாசல்களில், அலுவலகங்களில் காலால் மிதிக்கும் குழாய்கள் முளைத்தன. இன்று அவற்றில் பலவற்றில் தண்ணீர் வருவதில்லை. சில பூந்தொட்டி வைக்கும் ஸ்டாண்டாகிவிட்டன. அறிவுரை அப்படியேதான் இருக்கிறது, சுவரில் வெளுத்துப்போய். எட்டும் தூரத்தில் இருந்த சோப்புதான் காணாமல் போனது.

நான் படித்த தொடக்கப்பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குழாய். சோப்பு வைத்தால் அன்றே காணாமல் போகும். பையன்கள்மேல் பழி விழுந்தது. ஒருநாள் டீச்சர் கண்ணெதிரிலேயே காகம் ஒன்று சோப்புத் துண்டைக் கொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் பறந்தது. மறுநாள் அவர் ஒரு பழைய காலுறையைக் கொண்டுவந்தார். சோப்பை உள்ளே போட்டு, வாயை முடிந்து, குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளை அந்தக் காலுறையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டும்; நுரை வரும். அது வேடிக்கையாக இருந்ததால் நாங்கள் தேவைக்கு மேலேயே உருட்டினோம். பின்னாலிருப்பவன் "போதும்டா" என்று முதுகில் குத்தும்வரை.

இருபது விநாடி இருந்திருக்கும்.